அதே அளவுச் சீருடை

எங்கள் ஊரில் சுகிர்தா என்றொரு பெண் ஐந்தாம் வகுப்புப் படித்தாள், அடுத்த வருஷமும் ஐந்தாம் வகுப்பே படித்தாள், அதற்கடுத்த வருஷமும் அதற்குமடுத்த வருஷமும் அதே பெஞ்சில் அதே ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே படித்தாள். படிப்பு ஏறாததால் இல்லை, அவள் வளராததால். வளராதது அவள் குற்றமும் இல்லை. ஊர் கேட்டது, செல்லாண்டியம்மன் கொடுத்தாள், அதற்குமேல் இதில் விளக்க ஒன்றுமில்லை, விளக்கு விளக்கு என்று கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமையும் இல்லை.

ஊசிக்காட்டுப்புதூரில் தொட்டில் கட்டுகிற கொக்கி எல்லா வீட்டு விட்டத்திலும் உண்டு, அதில் இப்போது வாழைத்தார் தொங்கும். எங்கள் தலைமுறையில் பிள்ளை ஒன்று போதும் என்று எல்லோருமே முடிவு செய்தோம், யாரும் யாரையும் கலந்து பேசாமல், ஊரே ஒரே நாளில் தலைக்குக் குளித்த மாதிரி. தோட்டம் பிரியக்கூடாது என்றார்கள் சிலர், நல்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்கு ஒன்றைத்தான் அனுப்ப முடியும் என்றார்கள் சிலர். அந்த ஒன்றையும் விடிவதற்குள் எழுப்பி, வேனில் ஏற்றி, டவுனுக்கு அனுப்பி, டியூஷனுக்கு அனுப்பி, இன்ஜினியரிங்குக்கு அனுப்பி, கடைசியில் விமானத்தில் அனுப்பிவிட்டு, என் மகன் அங்கே என் மகள் இங்கே என்று கல்யாண மண்டபங்களில் பெருமை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வீட்டில் நாமும் கொக்கியும் வாழைத்தாரும்தான். படிக்கவை என்று சொன்னார்கள், படிக்கவைத்தோம். படித்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம். என் மகன் டொரன்டோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான், சாப்பிட்டாயா என்பான், சாப்பிட்டேன் என்பேன், பனி என்பான், வெயில் என்பேன்.

எனக்கும் படிப்பு உண்டு. குன்னூரில் கன்னியாஸ்திரிகள் எனக்கு இங்கிலீஷும், முதுகை நிமிர்த்தி உட்காரவும், ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள், அதில் கடைசி விஷயத்தை இந்த ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை. வேலைக்குப் போகிறேன் என்றபோது, நம்ம வீட்டுப் பொம்பளைக்கு எதுக்குச் சம்பளம் என்று மாமனார் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் இப்போது டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து நாட்டை ஆள்கிறார். மந்திரிசபையை மாற்றிக்கொண்டே இருப்பார், சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைத்த இடத்திலிருந்து மாற்றமாட்டார்.

இப்படியாக ஊரில் பிள்ளைகள் குறையக் குறைய, ஒரு காலத்தில் மரத்தடியிலும் வகுப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் மேலேறி ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கின, கடைசியில் சுகிர்தா மட்டும் மிஞ்சினாள். லோடு வேன் ஓட்டுகிற மருதாசலத்துக்கும் பனியன் கம்பெனியில் பனியனுக்குக் கை மடித்துத் தைக்கிற வசந்தமணிக்கும் ஒரே மகள். அவள் ஐந்தாவது முடித்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தை மூடினால் பஸ் நிற்கும், ஏனென்றால் எங்கள் ஊருக்குள் வரும் ஒரே டவுன் பஸ் பள்ளிக்கூடத்தைச் சொல்லித்தான் வருகிறது. பஸ் நின்றால் முழங்காலில் ஊசி போடப் போகிறவர்கள், கண்ணில் சொட்டு மருந்து விடப் போகிறவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள், அதாவது மொத்த ஊரும், மெயின் ரோடு வரை வெயிலில் நடக்கவேண்டும். இந்த ஒரு பெண்ணின் தேர்ச்சியை நினைத்து ஒரு ஊரே பயந்து கிடந்தது.

எங்கள் ஊரில் பெரிய விஷயம் எதையும் மனிதர்கள் முடிவு செய்வதில்லை, செல்லாண்டியம்மனிடம் பூ கேட்பார்கள். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டவைத்துவிட்டு, கேட்கிறவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்கவேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். கேட்ட கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாது, ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை இன்னொருவர் இன்னொன்று கேட்கவும் கூடாது. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது, எல்லாம் அங்கேதான். அந்த வருஷம் வைகாசியில் ஊர்த்தலைவர் நாச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்று, "ஆத்தா, பள்ளிக்கூடத்துப் புள்ள பள்ளிக்கூடத்தை விட்டுப் போவக்கூடாது, சம்மதம்னா வலப்பூக் குடு" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் வலப்பூ விழுந்தது. குலவை போட்டார்கள், பொங்கல் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார்கள், பஸ்ஸை மனதில் வைத்துக் கேட்டார்கள், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அப்போது தூணில் சாய்ந்து, ஆடுகிற கோரைப்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பல் அன்றிலிருந்து ஆடிக்கொண்டே இருந்தது. விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஜூனில் இலவசச் சீருடை வந்தபோது போன வருஷத்து அளவே சரியாக இருந்தது, கமலவேணி டீச்சர் சந்தோஷப்பட்டாள், மாற்றித் தைக்கும் வேலை மிச்சம் என்று. அடுத்த ஜூனிலும் அதே அளவு. நகம் வளரவில்லை, முடி வளரவில்லை, வாசல் நிலையில் அப்பன் போட்ட உயரக்கோடு ஒரே இடத்தில் மேல் மேலாக விழுந்து தடித்துக் கறுத்தது. வசந்தமணி கொஞ்சநாள் அழுதாள், டவுன் டாக்டரிடம் காட்டினாள். அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சில பிள்ளைகள் மெதுவாக வளரும் என்று டானிக் எழுதிக்கொடுத்தார். டானிக் காலியானது. பிறகு அழுவதற்கும் நேரமில்லாமல் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் வந்தது.

ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகாது. கல்வி ஆபீசிலிருந்து வருஷா வருஷம் ஒருத்தர் வந்து பார்த்தார். ஒரு வருஷம் வந்தவர் அடுத்த வருஷம் வருவதற்குள் மாற்றல் ஆகிவிடுவதால், ஒவ்வொருவரும் ஐந்தாம் வகுப்பு அளவில் ஒரு பெண் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்று இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பாடப்புத்தகம் நடுவில் மாறியது, அட்டை பளபளப்பானது, படங்கள் பெரிதாயின. புத்தகம் வளர்ந்தது, அவள் வளரவில்லை. சத்துணவு சமைக்கிற பொன்னாத்தாள் ஒரு பிள்ளைக்காக உலை வைத்தாள், ஒரு முட்டை அவித்தாள். ஒரே முட்டை அண்டாவுக்குள் உருளுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். பஸ் வந்தது, போனது.

பழகியது மட்டும் இல்லை, ஊர் அவளைப் பங்கு போட்டுக்கொண்டது. பேரன் பேத்தியைப் போனில் மட்டும் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டல்லாஸில் பேத்திக்குப் பிறந்தநாள் என்றால் இங்கே சுகிர்தா கேக் வெட்டுவாள். சிட்னியில் பேரனுக்கு உடம்பு சரியில்லை என்றால் இங்கே இவள் தலையைச் சுற்றி மிளகாய் போடுவார்கள். எல்லா வீட்டு பீரோவிலும் அவளுக்கென்று ஒரு கவுன் இருந்தது, எல்லாம் ஒரே அளவு, துணிக்கடைக்காரன் அளவே கேட்கமாட்டான், புதூருக்கா என்று மட்டும் கேட்பான். வேறு எந்த ஊரிலும் பிள்ளைகள் சட்டையை விட்டு வெளியே வளர்ந்துவிடுகின்றன, எங்கள் ஊரில்தான் வாங்கினது வீணாகாது என்று நாச்சிமுத்து சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

என் பீரோவிலும் ஒன்று இருந்தது. மஞ்சள் நிறம், கழுத்தில் வெள்ளை லேஸ், கோயம்புத்தூரில் எடுத்தது, மற்றவர்கள் வாங்கின ஜிகினா கவுன்களைப் போல் இல்லை.

அவள் என்னிடம் மூன்று மணிக்கு வருவாள். ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்த எவ்வளவு நேரம் ஆகும், அதுவும் மனப்பாடமான பாடத்தை? கமலவேணி டீச்சர் மத்தியானம் மேஜையில் தலையைச் சாய்த்ததும் அவள் நழுவி வந்துவிடுவாள். முதலில் என் கான்வென்ட் புத்தகங்களைப் படித்தாள். அப்புறம் பரணில் கிடந்த என் மகனுடைய ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பிளஸ் டூ வரை ஒவ்வொன்றாக இறக்கி, ஸ்டூலின்மேல் ஏறி எடுத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்து படித்தாள். அவன் டியூஷனில் அழுத கணக்குகளை இவள் கால் ஆட்டிக்கொண்டே போட்டாள், கால் தரையைத் தொடாது. என்னை மிஸ் என்று கூப்பிடுவாள். நான் எந்தக் காலத்திலும் யாருக்கும் மிஸ் இல்லை, ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு டம்ளரில் டீ ஊற்றுவேன். அவளுடையதில் சர்க்கரை ஜாஸ்தி. அவள் பேசாமல் படிக்கும்போது, ஆடுகிற பல்லை நாக்கு தட்டுகிற மெல்லிய டிக் டிக் மட்டும் கேட்கும், கடிகாரம் மாதிரி, ஆனால் அந்தக் கடிகாரம் ஓடவில்லை.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நூல் மில்காரர்கள் தகரக் கொட்டகைகள் போட்டார்கள். மில்லுக்கு ஆள் வேண்டும், எங்களிடம் ஆள் இல்லை, பெற்றால்தானே இருக்கும். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். அவர்கள் பேசுவது ஒடியாவா வேறெதுவா என்று விசாரிக்காமல் மொத்தப் பேருக்கும் இந்திக்காரர்கள் என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தன. தாராளமாக இருந்தன. தாய்மார் ஷிப்டுக்குப் போனதும் பெரியது சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வாய்க்கால் மதகைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரைப் பிடித்து ஏறி, வரிசையாகத் தலையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தன. உள்ளே சுகிர்தா ஒருத்தி எழுந்து நின்று திருக்குறள் சொல்லிவிட்டு உட்காருவாள். சுவரின்மேல் அத்தனை தலைகளும் அவளோடு எழுந்து அவளோடு இறங்கும்.

ஊரில் பிள்ளை இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லை என்று கிராம சபையில் அப்போதும் பேசினார்கள். மைக் வைத்துப் பேசினார்கள். அந்தத் தலைகளைச் சேர்க்கலாமே என்று பொன்னாத்தாள் ஒருதரம் வாயைத் திறந்ததற்கு, ஆளுக்கொரு காரணம் வந்தது. அவர்கள் ஆறு மாதத்தில் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றார் அடுத்தவர். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான். ஆதார் இல்லை, டி.சி. இல்லை, பிறந்த தேதி இல்லை என்றாள் கமலவேணி டீச்சர். கோயில் வரி கொடுக்காதவர்கள் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்திலா என்றார் நாச்சிமுத்து. நானும் அந்தத் தலைகளை என் வீட்டுக் கொய்யா மரத்திலிருந்து விரட்டியிருக்கிறேன், இங்கிலீஷில்.

ஒருநாள் சுகிர்தா கணக்குப் புத்தகத்தை மூடினாள். அவள் வயதுக்காரர்கள் எங்கெங்கோ வேலைக்குச் சேர்ந்துவிட்ட சமயம் அது. ஸ்டூலிலிருந்து குதித்து இறங்கி என் முன்னால் நின்றாள், நின்றும் என் தோளுக்கு எட்டவில்லை.

"மிஸ், எனக்கு வளரணுங்க."

சொன்ன குரல் பத்து வயசுக் குரல்தான், பார்த்த பார்வை பத்து வயசு இல்லை. கரும்பலகையின் மேல்பாதி எனக்கு எட்டவே இல்லை, எல்லாக் கணக்கையும் கீழ்ப்பாதியிலேயே முடிக்கவேண்டியிருக்கிறது என்றாள். கம்பெனி வேனிலிருந்து அம்மா தூங்கி வழிந்து இறங்கும்போது சாய்ந்துகொள்ள என் தோள் பத்தவில்லை என்றாள். அப்புறம், ஊர் கேட்டதைத் திருப்பிக் கேட்க ஒரு பெரியவர்தான் போகமுடியும், நீங்கள் போய்ப் பூ கேளுங்கள் என்றாள். எனக்கு இந்தப் பூ சமாசாரத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்றேன். உங்களுக்கு நம்பிக்கை வேண்டாம், எனக்கு உயரம் வேண்டும் என்றாள். உடனே கிளம்பினேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணி டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிப் பழகினவள் உடனே கிளம்பமாட்டாள். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் டீ ஊற்றினேன், அவள் வந்தாள், பல் மட்டும் டிக் டிக் என்றது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் வெள்ளிக்கிழமை புடவையை மாற்றிக்கொண்டு போனேன்.

கோயிலில் கூட்டம் இருந்தது. நான் பூ கேட்கப் போகிறேன் என்றதும் பூசாரி அவிநாசி, மகனுக்குக் குழந்தை வரமா என்று கேட்டார், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பூவை ஒட்டினார். சிலைக்கு முன்னால் நின்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"மருதாசலம் மக சுகிர்தா வளரட்டும்," என்றேன். "சம்மதமா, இல்லையா?"

அம்மனிடம் இப்படி யாரும் அதட்டிக் கேட்டதில்லை என்று பின்னால் முணுமுணுத்தார்கள். வலப்பூ விழவில்லை. இடப்பூவும் விழவில்லை. தீபாராதனை ஆனது, மணி அடித்தது, கற்பூரம் எரிந்து அணைந்தது, பூ இரண்டும் அப்படியே இருந்தன. மறுநாள் அபிஷேகத்துக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பால் ஊற்றினார்கள், இரண்டும் ஈரத்தோடு பளபளத்துக்கொண்டு தோளிலேயே இருந்தன, வாடவும் இல்லை. கேள்வி முடியாததால் வேறு யாரும் எதுவும் கேட்க முடியவில்லை. ஊரில் எல்லாம் நின்றது. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போர் போட வந்த லாரி இரண்டு தோட்டங்களுக்கு நடுவில் டீசல் நாற்றத்தோடு காத்து நின்றது. நாச்சிமுத்துவின் கண் ஆபரேஷன் நாள் குறிக்காமல் தள்ளிப்போய், அவர் மசமசத்த பார்வையோடு என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஏனுங்கம்மிணி, உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, அந்தப் புள்ளைக்கு இங்க என்னங்க கொறைச்சல்" என்று கேட்டார். கொறைச்சல் ஒன்றரை அடி என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்தார்.

அம்மன் எதற்குக் காத்திருக்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கிடா என்றார்கள், தீச்சட்டி என்றார்கள்.  ஒரு திங்கட்கிழமை காலை வழிபாடு முடிந்ததும் சுகிர்தா பள்ளிக்கூட கேட்டுக்குப் போனாள், கொக்கிக்கு எட்டாமல் எம்பி எம்பித் தட்டித் திறந்தாள், வெளியே போய் சுவரோரம் நின்று மேலே பார்த்து, இறங்கி வாங்க என்று கையைக் காட்டினாள். முதலில் ஜமுனா இறங்கினாள். ஏழு வயதிருக்கும், மூக்கில் சின்னதாக ஒரு பித்தளைப் பொட்டு, இடுப்பில் தம்பி. அவளுக்குப் பின்னால் மற்றவை, உலர்ந்த தேங்காய்க் குலை அவிழ்ந்த மாதிரி, தொப்புத் தொப்பென்று. சுகிர்தா அவர்களை வரிசையாக உள்ளே அழைத்துப்போய், தூங்கிக்கொண்டிருந்த பெஞ்சுகளை இறக்கச் செய்து உட்காரவைத்தாள்.

கமலவேணி டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் கையை விரித்து நின்றாள். பேப்பர் இல்லாத பிள்ளைகளை எப்படிச் சேர்ப்பது, நாளைக்கு யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது, ரிட்டையர் ஆகிற சமயத்தில் எனக்கு இது தேவையா என்று படபடத்தாள். பெஞ்சு இறக்குகிற சத்தம் கேட்டு நானும் அங்கே வந்திருந்தேன், பொன்னாத்தாளும் இருந்தாள், கரண்டியோடு.

"சேக்கறதும் சேக்காததும் உங்க பாடுங்க டீச்சர்," என்றாள் பொன்னாத்தாள். "எனக்கு எத்தனை தலைன்னு மட்டும் சொல்லுங்க. அரிசி ஊற வெக்கோணும்."

டீச்சர் என்னைப் பார்த்தாள். பேப்பரில்லாத பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லித்தான் சட்டமே இருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது, வேண்டுமானால் படித்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். கையை இறக்கினாள். அவள் மோசமானவள் இல்லை, நாற்பது பேருக்குக் கத்திப் பழகின தொண்டையை ஒரு பிள்ளைக்காக அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தவள். அன்றைக்கு, சைலன்ஸ், என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், பஸ் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

சுகிர்தாதான் பாடம் ஆரம்பித்தாள். அவள் உயரம் பிள்ளைகளின் உயரமாக இருந்ததால் அவர்களுக்குப் பயம் வரவில்லை. அ, ஆ எல்லாம் தாண்டி மரம், மழை என்று வந்தபோது, ஜமுனா மளை என்றாள். இல்லை, நாக்கை மடி, இன்னும் உள்ளே, இப்படி என்று சுகிர்தா தன் வாயைத் திறந்து காட்டி, மழை என்றாள். சொல்லி முடித்து வாயில் கையை வைத்தாள். உள்ளங்கையில் கோரைப்பல் இருந்தது, வேரில் துளி ரத்தத்தோடு. ஜமுனா அதை எட்டிப்பார்த்துவிட்டு, தன் வாயைத் திறந்து தன் ஓட்டையைக் காட்டினாள். அந்த நேரத்தில் கோயிலில் பூசாரி அவிநாசி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், பின்னால் பொத்தென்று சத்தம் கேட்டுத் திரும்பினார். ஒரு பூவுக்கு அவ்வளவு சத்தம் வராது, இத்தனை நாள் கனமும் சேர்ந்து விழுந்திருக்கிறது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார். வலப்பக்கப் பூ.

நின்றுபோன வருஷங்கள் எல்லாம் அந்த மழைக்காலத்திலேயே வந்து சேர்ந்தன. காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த பாவாடை சாயங்காலம் முழங்காலுக்கு மேலே ஏறியது. வசந்தமணி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு மகளுக்கு மடிப்புப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், இந்தப் பக்கம் பிரித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் பத்தாது. பொன்னாத்தாள் தினம் மூன்று முட்டை அவளுக்கு மட்டும் வைத்தாள். எலும்பு வளர்கிற சத்தம் பச்சை மூங்கில் பிளக்கிற மாதிரி அடுத்த வீட்டுக்குக் கேட்டது, அடுத்த வீட்டுக்காரர்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். தீபாவளிக்கு அவள் நிலைப்படியில் தலையைக் குனிந்து வந்தாள். வாசல் நிலையின் கறுத்த கோட்டுக்கு மேலே மருதாசலம் புதிதாக ஒரு கோடு போட்டுவிட்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வேனை எடுக்கவே மறந்துவிட்டார்.

ஊர் அவளிடம் கோபித்துக்கொண்டது. பிறந்தநாள் கேக்குகளை வெட்ட ஆளில்லாமல் போனது. பெரியவளாகிவிட்ட பெண்ணை மடியில் உட்காரவைத்துப் போனில் காட்ட முடியுமா? எல்லா வீட்டு பீரோவிலும் ஒரே அளவு கவுன்கள் உபயோகமற்றுத் தொங்கின. கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, ஒரு வீட்டில் ஒருத்தி எலி கடிக்கிறதுக்கு முன்னால் கொடுத்துவிடுவோம் என்று வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் கொடுத்தாள், அப்புறம் அடுத்த வீடு, அப்புறம் எல்லா வீடும். அந்தத் தை மாதம் மதகின்மேல் ஜிகினா கவுன்களாக ஓடின. நாச்சிமுத்து ஆபரேஷன் முடிந்த கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, நம்ம ஊருக்கு எப்பங்க இத்தனை புள்ளைக வந்துச்சு என்று கேட்டார். அவருக்கு அதுவரை கண் தெரியவில்லை என்பதை நாங்கள் மரியாதையாக ஒத்துக்கொண்டோம்.

நான் மட்டும் மஞ்சள் கவுனைக் கொடுக்கவில்லை.

சுகிர்தா தனித்தேர்வராக எட்டாவது எழுதினாள், பத்தாவது எழுதினாள், பிளஸ் டூ எழுதினாள், காலையில் ஜமுனா கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தாள், மூன்று மணிக்கு என்னிடம் வந்தாள். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் படிந்திருந்தது. பல் சத்தம் இல்லை. டீயில் சர்க்கரை வேண்டாம் என்றாள். சென்னையில் காலேஜ் கிடைத்தது, கணிதம். கிளம்புகிற அன்றைக்கு ஊரே பஸ்ஸடிக்கு வந்தது. அந்த பஸ் நிற்கக்கூடாது என்றுதான் அவளை அத்தனை வருஷம் பிடித்து வைத்தோம். நிற்காமல் வந்தது, அவளை ஏற்றிக்கொண்டது. படியில் ஏறினவள் திரும்பி இறங்கி வந்து என் முன்னால் நின்றாள். இப்போது நான்தான் அண்ணாந்து பார்க்கவேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை பேசறேனுங்க மிஸ்."

"ஞாயிறு வேணாம்," என்றேன். "வேற நாள் பேசு."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. படித்த பெண். புதன்கிழமை என்றாள், ஏறிக்கொண்டாள். இத்தனை செய்தும் கடைசியில் இவளும் போகத்தானே போகிறாள், இதற்குப் பேசாமல் சின்னப்பிள்ளையாகவே இருந்திருக்கலாம் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பஸ் வளைவில் திரும்புகிறவரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் தப்பித்தார்கள்.

அதற்குப்பிறகு மூன்று மணி என்று ஒன்று தினமும் வந்தது. டி.வி.யில் மந்திரிசபை மாறியது. ஒரு டம்ளரில் டீ ஊற்றினேன், பால் கணக்காக வைக்கத் தெரியாமல் ஒரு டம்ளர் மிஞ்சியது, செடிக்கு ஊற்றினேன். ஒருநாள் கொய்யா மரம் அசைந்தது. விரட்டப் போனவள் பாதி வழியில் நின்று, உள்ளே திரும்பி, பீரோவைத் திறந்து, பூச்சி உருண்டை வாசனையோடு மஞ்சள் கவுனை எடுத்துக்கொண்டு வந்தேன். மரத்திலிருந்து ஜமுனா இறங்கினாள், மடியில் கொய்யாக்காய்களோடு. நான் திட்டுவேன் என்று நின்றாள். நான் கவுனை உதறி அவள் தோளில் வைத்துப் பார்த்தேன்.

நாலு விரல் பத்தவில்லை. இடுப்பிலும் பிடிக்காது. சுவரின்மேல் தலையாக இருந்த பெண், எனக்குத் தெரியாமலே, பக்கத்திலேயே, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்துகொண்டு, வளர்ந்துவிட்டிருந்தாள். நான் கவுனை அவள் தோளிலிருந்து எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கவுனைப் பார்த்தாள், லேஸைத் தொட்டாள்.

"பரவால்லீங்க மிஸ்," என்றாள், எங்கள் ஊர்த் தமிழில், எங்கள் ஊரில் இனி அதை அப்படிப் பேச வேறு யார் இருக்கிறார்கள். "வூட்ல இன்னும் ரெண்டு தங்கச்சிக இருக்குதுங்க."

கவுனை வாங்கிக் கொய்யாக்காய்களின்மேல் போர்த்திக்கொண்டு மதகுப் பக்கம் ஓடினாள். நான் உள்ளே வந்து அடுப்பில் பாலை வைத்தேன். எவ்வளவு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பொங்கிவிட்டது.